விசில் டீச்சர் மாட்டிய நீளப் படம்

எங்கள் பள்ளியின் ஓவிய ஆசிரியைக்கு வரைய வராது என்பது ஊருக்கே தெரியும். அவரே சொல்லித்தான் தெரியும். கேட்கிறவர்கள் அடக்கத்துக்குச் சொல்கிறார் என்று நினைத்துக்கொள்வார்கள். அடக்கமெல்லாம் ஒன்றுமில்லை. அவர் வரைந்த பூனையை நான் பார்த்திருக்கிறேன்.

அவர் முதலில் விளையாட்டு ஆசிரியை. பிள்ளைகள் வைத்த பெயர் விசில் டீச்சர். மைதானத்தில் அவர் விசில் ஊதினால் வெளியே ரோட்டில் சைக்கிளில் போகிறவர் பிரேக் பிடிப்பார். நான் கணக்கு எடுப்பவள். ஆசிரியர் அறையில் அவர் மேஜையும் என் மேஜையும் ஒட்டி இருந்ததால் அவருக்கு நான் 'கணக்கு', எனக்கு அவர் 'அக்கா' என்று ஆகிப்போயிற்று.

ஒரு நாள் நீளம் தாண்டச் சொல்லிக்கொடுக்கும்போது, பிள்ளைகள் கால் வைக்கிற விதம் பிடிக்காமல், "இப்படி!" என்று தானே ஓடிவந்து தாண்டிக் காட்டினார். குழியில் மணல் இறுகிக் கிடந்தது. முட்டி திரும்பிவிட்டது. ஆபரேஷன், கட்டு, ஊன்றுகோல் எல்லாம் முடிந்து அவர் திரும்பி வரும்போது டாக்டர் கறாராகச் சொல்லி அனுப்பியிருந்தார்: நடக்கலாம், ஓடக்கூடாது, தாண்டக்கூடாது. மைதானத்துக்குப் புதிதாக ஓர் இளைஞர் வந்துவிட்டார். அதே நேரத்தில் எங்கள் ஓவிய ஆசிரியர் இடமாற்றம் வாங்கிக்கொண்டு போனார். அவர் இடத்துக்கு யாரும் வரவில்லை.

தலைமை ஆசிரியர் அக்காவைக் கூப்பிட்டுவிட்டார். திரும்பி வந்தவர் முகம் செத்துப்போயிருந்தது.

"என்னக்கா சொன்னாரு?"

"டிராயிங் பீரியடைப் பாத்துக்கணுமாம். 'அதுல என்னம்மா இருக்கு, பசங்க பாட்டுக்குக் கிறுக்கிட்டு இருப்பாங்க, நீங்க உக்காந்து சத்தம் வராமப் பாத்துக்கிட்டா போதும்'ங்கிறாரு."

"நல்லதுதானே, காலுக்கு ஓய்வு."

"எனக்கு ஓடத் தெரியும், கணக்கு. ஓடுறத எப்படிச் சொல்லிக்கொடுக்கணும்னு தெரியும். பென்சிலைப் பிடிச்சா கை என் பேச்சைக் கேக்காது. தெரியாத வேலைக்குச் சம்பளம் வாங்கச் சொல்றாரு."

முதல் வகுப்பில் கரும்பலகையில் ஓர் ஆப்பிள் வரைந்தார். பழக்க தோஷத்தில் விசிலை ஊதி, "எல்லாரும் இதைப் பாத்து வரைங்க" என்றார். பின் வரிசையிலிருந்து ஒரு குரல், "டீச்சர், மண்டை ஓட்டுக்குக் கண்ணு வைக்கலையே?" என்றது. வகுப்பே உருண்டு சிரித்தது. பக்கத்து வகுப்பில் பாடம் நடத்திக்கொண்டிருந்த எனக்கே கேட்டது. அக்கா திரும்பிப் பலகையைப் பார்த்தார். கொஞ்ச நேரம் பார்த்தார். அப்புறம் அவரும் சிரித்துவிட்டார்.

"சரி, உண்மையைச் சொல்லிடுறேன். எனக்கு வரைய வராது. உங்கள்ல யாருக்கெல்லாம் வராது? கையைத் தூக்குங்க."

முதலில் யாரும் தூக்கவில்லை. பிறகு ஒவ்வொன்றாக மேலே வந்தது. கடைசியில் தையல்காரர் மகள் ஒருத்தியைத் தவிர எல்லாக் கைகளும் மேலே. "அப்ப நாம ஒரே டீம்" என்றார் அக்கா.

அந்த வாரமே வட்டார ஓவியப் பள்ளியில் ஞாயிற்றுக்கிழமை வகுப்புக்குச் சேர்ந்துவிட்டார். பஸ் பிடித்துப் போக வேண்டும். அங்கே சேர்ந்திருந்தவர்களெல்லாம் அவர் வயதில் பாதிகூட இல்லாதவர்கள். ஓவியப் பள்ளியை நடத்திய மேடம் முடியைக் கட்டையாக வெட்டிக்கொண்டு, விரல் நுனியெல்லாம் கரியாக, ஒரு வார்த்தைகூட அதிகம் பேசாதவர். அக்காவின் முதல் படத்தைப் பார்த்துவிட்டு, "கை ரொம்ப மோசம். ஆனா பாக்குறீங்க. நிறைய பேரு பாக்குறதே இல்ல" என்று மட்டும் சொல்லிவிட்டு நகர்ந்துவிட்டாராம். அது பாராட்டா திட்டா என்று அக்கா ஒரு வாரம் என்னைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

வீட்டில் வேறு கூத்து. அக்காவின் கணவர் வெல்டிங் பட்டறை வைத்திருந்தார். பென்சிலை நீட்டிப் பிடித்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு அளவு பார்க்கும் வித்தையைக் கற்றுக்கொண்டு வந்து அக்கா வீட்டு வாசலில் நின்று பழகினால், அவர் உள்ளே இருந்து கத்துவார்: "தெருவுல போறவனப் பாத்துக் கண்ணடிக்கிறதா இருந்தா, நான் வேலைக்குப் போன பிறகு அடி!" கணவரின் தங்கை இன்னும் ஒரு படி மேல். அவர் தானியக் கிடங்கில் எடை மேடையில் வேலை பார்ப்பவர். லாரியை ஏற்றி இறக்கி எடை போடுகிறவருக்கு நாக்கும் அதே கனம். "அண்ணி, ஓடுன காலத்துலயாவது நாலு கப்பு கொண்டுவந்து வீட்டுல வச்சீங்க. இப்ப என்னத்தக் கொண்டு வர்றீங்க, கரிக்கட்டை!" என்பார். அக்காவுக்கும் இந்த நாத்தனாருக்கும், அக்கா கல்யாணமாகி வந்த நாள் முதலே அவ்வளவாக ஒட்டுதல் இல்லை.

ஓவிய வகுப்பைக் கொஞ்சம் கொஞ்சமாக அக்கா தனக்குத் தெரிந்த வழிக்கு இழுத்துக்கொண்டார். வகுப்பு தொடங்கியதும் தோளைச் சுழற்ற வேண்டும், மணிக்கட்டை உதற வேண்டும். பழைய செய்தித்தாளில் வேகக் கோடுகள், மெதுவான கோடுகள், மூச்சை இழுத்துக்கொண்டு ஒரு கோடு, விட்டுக்கொண்டு ஒரு கோடு. "பயிற்சி இல்லாம யாரும் ஓட முடியாது, கோடும் அப்படித்தான்" என்பார். அவரும் ஒரு பெஞ்சில் உட்கார்ந்து கூடவே போடுவார். தலைமை ஆசிரியர் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். சத்தம் வரவில்லை, அவருக்கு அது போதும்.

இரண்டாம் வருடம் வட்டார மாணவர் ஓவியக் கண்காட்சி வந்தது. ஓவியப் பள்ளிதான் நடத்தியது. தலைப்பு, 'எங்கள் ஊரின் அழகு'. அக்கா வகுப்பில் சொன்னதும் பிள்ளைகள் உற்சாகமாக வரையத் தொடங்கினார்கள். அத்தனை பேரும் ஒரே படம்: இரண்டு மலை, நடுவில் சூரியன், கீழே ஓர் ஆறு.

"நில்லுங்க, நில்லுங்க" என்றார் அக்கா. "நம்ம ஊர்ல மலை எங்க இருக்கு?"

பென்சில்கள் நின்றன.

"யாராவது மலையை நேர்ல பாத்திருக்கீங்களா?"

யாரும் பார்த்ததில்லை. எங்கள் ஊர் வழித்தெடுத்த தோசைக்கல் மாதிரி இருக்கும். மாடியில் ஏறி நின்றால் நாலு பக்கமும் வயல், வயலுக்கு அந்தப் பக்கம் வயல், அதற்கப்புறம் வானம். "நம்ம ஊர்ல ஒண்ணுமே இல்லையே டீச்சர், என்னத்த வரையறது?" என்றான் வகுப்பிலேயே உயரமான பையன். அவனை எல்லோரும் ஒட்டகச்சிவிங்கி என்றுதான் கூப்பிடுவார்கள்.

அக்கா எல்லோரையும் காகிதமும் அட்டையுமாக மைதானத்துக்கு நடத்திக்கொண்டு போனார். நூறு மீட்டர் ஓட்டப் பாதையில் ஒருவர் பக்கத்தில் ஒருவராக, கை நீட்டும் இடைவெளி விட்டு நிற்கவைத்தார். ஓடும் திசையில் இல்லை; எல்லோரும் பக்கவாட்டில், கிழக்கே திரும்பி, மைதானத்தின் குட்டைச் சுவரைத் தாண்டி வயலைப் பார்த்தபடி.

"உங்க மூக்குக்கு நேரா என்ன இருக்கோ அது மட்டும். பக்கத்துல இருக்கிறவனோடதைப் பாக்கக் கூடாது. அவன் துண்டு அவனுக்கு, உன் துண்டு உனக்கு."

அன்று ஒரு பிள்ளைக்குக் காய்ச்சல், வரவில்லை. வரிசையில் ஓர் ஆள் இடம் ஓட்டையாக இருந்தது. அக்கா ஒரு நாற்காலியைக் கொண்டுவரச் சொல்லி அந்த இடத்தில் தானே உட்கார்ந்து வரைந்தார்.

மாலையில் எல்லாக் காகிதங்களையும் பள்ளி வராந்தா நெடுக வரிசையாகப் பரப்பினார்கள். நானும் வேடிக்கை பார்க்கப் போனேன். மோட்டார் ஷெட், கரண்ட் கம்பம், தூரத்தில் ஒரு டிராக்டர், பட்டறைக் கூரைகள், ஒரு வேப்பமரம், சும்மா வெறும் வானம். எல்லாம் இருந்தன. ஆனால் வானமும் நிலமும் தொடும் கோடு மட்டும் எந்த இரண்டு காகிதத்திலும் சேரவில்லை. ஒன்றில் மேலே, அடுத்ததில் கீழே, மாடிப்படி மாதிரி ஏறி இறங்கியது. பிள்ளைகளுக்குள் சண்டை தொடங்கிவிட்டது. "உன்னோடதை அழிடா!" "நான் ஏன் அழிக்கணும், நீ அழி!"

எனக்குக் கை துறுதுறுத்தது. "அக்கா, மீட்டர் ஸ்கேல் எடுத்துட்டு வரேன். இந்தக் கோடியிலருந்து அந்தக் கோடி வரைக்கும் ஒரே கோடா இழுத்துடலாம்."

அவருக்கும் ஆசைதான். ஸ்கேலை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டார். முதலில் எதைத் திருத்துவது என்று பார்த்தபோது எல்லாவற்றிலும் மோசமாகத் தெரிந்தது பொடியின் படம்தான். பொடி வகுப்பிலேயே குள்ளமான பெண். அவள் காகிதத்தில் முக்கால்வாசி சுவர். செங்கல் செங்கலாக, பூச்சு உதிர்ந்த இடம், அதில் ஓடும் எறும்பு வரிசை என்று சுவர்தான். மேலே விரல் அகலத்துக்கு வானம். வயலே இல்லை.

"ஏம்மா, வயலைக் காணோமே?"

"எனக்குத் தெரியல டீச்சர்."

"வரையத் தெரியலையா?"

"இல்ல டீச்சர். எனக்கு வயல் தெரியல. சுவர் மறைக்குது."

அக்கா எழுந்து மைதானத்துக்குப் போனார். நானும் பின்னாலேயே போனேன். பொடி நின்ற இடத்தில், அந்த முட்டியை வைத்துக்கொண்டு, என் தோளைப் பிடித்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் குனிந்தார். பொடியின் உயரத்துக்குத் தலை வந்ததும் நின்றார். வலியில் பல்லைக் கடித்துக்கொண்டே சொன்னார்: "ஆமா கணக்கு. சுவர்தான் இருக்கு."

எழுந்திருக்க நான்தான் தூக்கிவிட வேண்டியிருந்தது. வராந்தாவுக்குத் திரும்பியதும் ஸ்கேலை என்னிடமே கொடுத்துவிட்டார். ஒன்றையும் அழிக்கவில்லை. பின்பக்கம் டேப் ஒட்டி, சேராத கோடுகளோடு அப்படியே எல்லாவற்றையும் ஒரே படமாக்கிவிட்டார்கள்.

சுருட்டிய படத்தை எடுத்துக்கொண்டு அக்கா பஸ்ஸில் ஓவியப் பள்ளிக்குப் போனார். மேடம் அவ்வளவையும் தரையில் விரித்துப் பார்த்தாராம். நடந்து பார்த்தாராம். பிறகு பெருமூச்சு விட்டார். "நல்லாத்தான் இருக்கு. ஆனா பள்ளிக்கு ஒரு பலகைதான். மூணு படத்துக்கு மேல மாட்ட இடம் இல்ல. இதுலேருந்து மூணைப் பிச்சுக் கொடுங்க."

"எந்த மூணை?"

"அதை நீங்கதான் சொல்லணும்."

அக்கா ஒன்றையும் பிய்க்கவில்லை. சுருட்டிக்கொண்டு திரும்பி வந்தார். மறுநாள் வகுப்பில் நடந்ததைச் சொன்னதும் எல்லோரும் "வேணாம் டீச்சர், போனா எல்லாரும் போவோம்" என்று கத்தினார்கள். தையல்காரர் மகள் மட்டும் கத்தவில்லை. வகுப்பு முடிந்ததும் தனியாக வந்து நின்றாள். கண் கலங்கியிருந்தது.

"டீச்சர், நான் நல்லா வரைவேன். மத்தவங்களோட சேர்த்து ஒட்டிட்டதால என்னோடதும் போகக் கூடாதா?"

அவள் கேட்டதில் தப்பே இல்லை என்று அக்கா என்னிடம் சொன்னார். 'எல்லாரும் ஒரே டீம்' என்று சொல்லிவிட்டால் முன்னால் ஓடுகிறவளைப் பிடித்து நிறுத்திவிட வேண்டும் என்று அர்த்தமா? அவளைப் புதிதாக ஒரு படம் வரையச் சொன்னார். அவள் தன் அப்பாவின் கடையை வரைந்தாள். தையல் மெஷின், காலடியில் துண்டுத் துணிக் குவியல், அளவு நாடாவைக் கழுத்தில் போட்ட மனிதர். கூட இன்னும் இரண்டு பேர் ஆசைப்பட்டார்கள். அந்த மூன்று படங்களும் கண்காட்சிக்குப் போயின. நீளப் படம் அக்கா வீட்டு அலமாரி மேலே ஏறியது.

அது அங்கேயே கிடந்திருக்கும். அங்கே கிடப்பது நாத்தனாருக்குப் பிடிக்கவில்லை.

"இது என்ன அண்ணி, தொப்புனு தலையில விழுது?"

"பசங்க வரைஞ்சது. மாட்ட இடம் இல்ல."

"எவ்வளவு நீளம்?"

அக்கா சொன்னார்.

நாத்தனார் கொஞ்சம் யோசித்தார். "எங்க கிடங்கு இப்ப காலியாத்தான் கிடக்கு. அறுவடைக்கு இன்னும் நாள் இருக்கு. நீளச் சுவர் ஒண்ணு சும்மா நிக்குது. மேனேஜர்கிட்ட நான் சொல்லிக்கிறேன். எலி தின்னா மட்டும் என்னைக் கேக்காதீங்க."

அக்காவின் கணவர் சுவர் நெடுகக் கொக்கி வைத்துக் கம்பி இழுத்துக் கொடுத்தார். பிள்ளைகள் துணி கிளிப்புகளால் படத்தைத் தொங்கவிட்டார்கள். திறந்த அன்று வந்தவர்கள் பெற்றோர்களும், டீ கொடுப்பார்கள் என்று நினைத்து வந்த சிலரும்தான். நாத்தனார் இடுப்பில் கை வைத்துக்கொண்டு இந்தக் கோடியிலிருந்து பார்த்துக்கொண்டே வந்தார். ஓரிடத்தில் நின்றுவிட்டார்.

"இது எந்தப் புள்ள வரைஞ்சது? கோடு கோழி நடந்த மாதிரி இருக்கே."

"நான் வரைஞ்சது" என்றார் அக்கா.

நாத்தனாருக்கு வாயடைத்துப்போனது. நான் பார்த்து அதுவே முதல் தடவை. சமாளித்துக்கொண்டு படத்துக்குப் பக்கத்தில் போய்ப் பார்த்தார். "இருங்க... இது நம்ம பட்டறைக் கூரைதானே? அது மேல நிக்கிறது யாரு, அண்ணனா?"

"தகரம் மாத்திட்டு இருந்தாரு அன்னைக்கு."

"அவரேதான். நிக்கிற தோரணையப் பாரு, வேலை செய்யாமலே செய்யற மாதிரி!" என்று சிரித்துவிட்டு நாத்தனார் அண்ணனைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்து காட்டினார்.

ஒரு வாரத்தில் கழற்றிவிடுவதாகத்தான் பேச்சு. அதற்குள் மழை வரும் என்று ரேடியோவில் சொல்லிவிட்டார்கள். ஊரே அவசர அவசரமாக அறுவடையில் இறங்கியது. ஒரே நாளில் கிடங்கு வாசலில் டிராக்டரும் லாரியும் கண்ணுக்கு எட்டிய தூரம் வரிசை கட்டின. படத்தைக் கழற்ற ஆள் இல்லை. பிள்ளைகள் பாதிப் பேர் வயலில் நின்றார்கள். அக்கா பதறிக்கொண்டு கிடங்குக்கு ஓடினார். ஓடக்கூடாது, ஆனாலும் ஓடினார். நான் அன்று கூடப் போனேன்.

உள்ளே நாங்கள் பார்த்தது வேறு. எடைக்குக் காத்திருக்கிறவர்கள் வழக்கமாக நிழலில் குந்திக்கொண்டு, யார் முன்னால் யார் பின்னால் என்று வாய்ச்சண்டை போட்டுக்கொண்டிருப்பார்கள். அன்று எல்லோரும் சுவர் ஓரமாக நடந்துகொண்டிருந்தார்கள். தோளில் துண்டும் தலையில் தூசியுமாக, ஒவ்வொரு காகிதத்துக்கும் நின்று நின்று.

"யோவ், இது உன் மோட்டார் ஷெட்டுய்யா. கதவு உடைஞ்சது வரைக்கும் போட்டிருக்கான் பாரு."

"என் டிராக்டருக்கு மூணு சக்கரந்தான் இருக்கு. நாலாவது சக்கரம் எங்க?"

"அது அந்தப் பக்கம் இருக்குய்யா. சாய்வா நிக்கிறப்ப நாலும் எப்படித் தெரியும்?"

ஒரு பெரியவர் சுவரின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் இரண்டு தரம் நடந்துவிட்டுக் கோபமாகக் கேட்டார், "எங்க நிலம் எங்க? இதை அளந்தது யாரு?"

மேனேஜர் அலுத்துக்கொண்டே வந்தார். "டீச்சர், கழட்டிடுங்க. மூட்டை அடுக்கணும்." அக்கா தலையாட்டிவிட்டுக் கிளிப்பில் கை வைத்தார்.

எடை மேடையிலிருந்து நாத்தனார் கத்தினார்: "சார்! அந்தச் சுவரை விட்டுட்டு இந்தப் பக்கமா அடுக்கச் சொல்லுங்க. காலையிலருந்து வரிசையில ஒரு சண்டை இல்ல, கவனிச்சீங்களா? போன வருஷம் இந்நேரம் போலீஸ் வந்துட்டுப் போயிருந்தாங்க!"

மேனேஜர் வரிசையைப் பார்த்தார். அப்படியே விட்டுவிட்டார்.

அறுவடை முடியும்வரை படம் அங்கேயே தொங்கியது. தூசி படிந்து மஞ்சளாகிவிட்டது. பிள்ளைகள் மாலையில் வந்து பெயிண்ட் பிரஷ்ஷால் தட்டிவிடுவார்கள். பொடியின் படத்துக்கு முன்னால்தான் எப்போதும் கூட்டம். எறும்புகளை எண்ணிப் பார்த்து ஆளுக்கு ஒரு கணக்குச் சொல்வார்கள்.

ஓவியப் பள்ளிக் கண்காட்சியில் தையல்காரர் மகளுக்கு இரண்டாம் பரிசு கிடைத்தது. அந்த மேடம் அவள் படத்தைத் திருப்பிக் கொடுக்கத் தானே வந்தார். எங்கள் பள்ளியில் விசாரித்துக்கொண்டு கிடங்குக்கு வந்து சேர்ந்தபோது எடை மேடையில் ஒரு லாரி ஏறிக்கொண்டிருந்தது. சுவர் ஓரம் நின்ற டிரைவர்களை அவர் வெகு நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அக்காவிடம், "எங்க கண்காட்சிக்கு இத்தனை பேரு வந்ததே இல்ல. வந்தவங்களும் இவ்வளவு நேரம் நின்னதில்ல" என்றார். அவருக்கு அது நீளப் பேச்சு. "அடுத்த வருஷம் மத்த பள்ளிக்கூடத்துப் படங்களையும் இங்க கொண்டு வரலாமா?"

"என்னைக் கேக்காதீங்க, அவங்களைக் கேளுங்க" என்று அக்கா நாத்தனாரைக் காட்டினார்.

தையல்காரர் மகள் இப்போது ஓவியப் பள்ளியில் முழுநேர மாணவி. ஒட்டகச்சிவிங்கி உயரம் தாண்டப் போய்விட்டான். அக்கா இன்னும் ஓவிய ஆசிரியைதான். நடுவில் ஒரு தடவை, மைதானத்து இளைஞர் மாற்றலாகிப் போனபோது, தலைமை ஆசிரியர் கூப்பிட்டு, நிழலில் உட்கார்ந்தபடியே விளையாட்டைப் பார்த்துக்கொள்கிறீர்களா என்று கேட்டார். ஓடாமல் விளையாட்டு வேண்டாம் சார், வரைய வராமல் ஓவியம் என்றால் சமாளித்துவிடுவேன் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டார். ஞாயிறு வகுப்பை மட்டும் விடவில்லை.

கிடங்கில் நிலம் காணோம் என்று சண்டை போட்ட அந்தப் பெரியவர் சும்மா விடவில்லை. அறுவடை முடிந்த கையோடு இன்னும் நாலு பேரைக் கூட்டிக்கொண்டு பள்ளிக்கே வந்துவிட்டார். தலைமை ஆசிரியர் ஏதோ புகார் என்று பயந்துபோனார். வந்தவர்களுக்கு மேற்கே நிலம். கிழக்குப் பக்கம் மட்டும் வரைந்தது என்ன நியாயம் என்று கேட்க வந்திருந்தார்கள். அக்கா அவர்களை உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்து, அடுத்த வருடம் மேற்கு, அதற்கடுத்து வடக்கு என்று வாக்குக் கொடுத்து அனுப்பினார்.

இந்த வருடம் தெற்கு. நேற்று அந்தப் பக்கம் போய் இடம் பார்த்துவிட்டு வந்தோம். வெயில் நேராக முகத்தில் அடித்தது.

"பிள்ளைங்க கண்ணைச் சுருக்கிக்கிட்டு எப்படிக்கா வரையும்?" என்றேன்.

"காலையில சீக்கிரம் வரச் சொல்லிடலாம்" என்றார். "சாப்பிடாம வந்துடுவாங்க, ஸ்கூல் கேன்டீன்ல ரொட்டிக்கு மட்டும் நீ சொல்லிடு, கணக்கு."